ஒரே நீர், இரண்டு கணக்குகள்

புதுச்சேரி நகரின் நீர்நிலைமையைப் புரிந்துகொள்ள முதலில் அதன் தரையைப் பார்க்க வேண்டும். வங்கக் கடலை ஒட்டி வடக்கு தெற்காக நீளும் மணல்மேட்டின் மீது பிரெஞ்சுக் குடியிருப்பு எழுந்தது; அந்த மேட்டுக்கு மேற்கே, தரை சற்றே தாழ்ந்த கோட்டில் பெரிய வாய்க்கால் ஓட, அதற்கும் அப்பால் தமிழர் வாழ்ந்த தெருக்கள் விரிந்தன. நகரின் வடமேற்கே கோரிமேடு, இலாசுப்பேட்டை ஆகிய செம்மண் மேட்டு நிலங்கள் உயர்கின்றன. ஆகவே மேட்டு நிலத்தில் விழும் மழை கிழக்கு நோக்கி விரைந்து இறங்கி, கடலைத் தொடுவதற்கு முன்னுள்ள தாழ்வில் வேகம் இழந்து தேங்குகிறது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், இந்திரா காந்தி சதுக்கம் ஆகிய பெயர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுவதற்கு இந்த நில அமைப்பே அடிப்படை. தேங்கிய நீரை வெளியேற்றும் பொறுப்பு உப்பாறு வாய்க்கால், வெள்ளவாரி வாய்க்கால், பெரிய வாய்க்கால் ஆகிய மூன்றின் மீதும் அவற்றில் சேரும் கிளைகளின் மீதும் விழுகிறது. இவை கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் கடல்மட்டம் உயர்ந்து நின்றால், வாய்க்காலில் எவ்வளவு நீர் வந்து சேர்ந்தாலும் அது போவதற்கு வழியில்லை. இந்தக் கடற்கரையில் ஓதம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்றாலும், சாய்வு மிகக் குறைந்த வாய்க்காலுக்கு அரை மீட்டர்கூடப் பெரிய தடைதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது மேற்கே நகராமல் பல மணி நேரம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றுவிட்டதால், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஆண்டு முழுவதற்குமான சராசரி மழையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வீடுகளில் சிக்கியவர்களை மீட்க இராணுவம் வர வேண்டியதாயிற்று. இந்த மழையை லிட்டரில் எண்ணிப் பார்த்தால் இன்னொரு உண்மையும் புலப்படும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 48 செ.மீ. மழை என்பது 48 கோடி லிட்டர் நீர். புதுச்சேரி நகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 19.5 சதுர கிலோமீட்டர். எங்கும் ஒரே அளவாகப் பெய்ததாகக் கொண்டால், அந்த எல்லைக்குள் மட்டும் ஒரே நாளில் 930 கோடி லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 2.44 லட்சம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நகரங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள அளவுகோலின்படி இவர்களுடைய அன்றாடத் தேவை ஏறத்தாழ 3.3 கோடி லிட்டர் என்பதால், அந்த ஒரு நாள் மழை ஒன்பது மாதத் தேவைக்கு ஈடாகிறது.

இவ்வளவு நீர் வானிலிருந்து விழும் நகரம் தன் குடிநீருக்கு நம்பியிருப்பது நிலத்தடி நீரை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியனின் காலத்தில், பிரெஞ்சுப் பொறியாளர் லாமைரெஸ் வாய்க்கால் அமைத்தார். அங்குள்ள குளத்தை வெட்டுவித்தவள் என்று கதை போற்றும் ஆயியின் பெயரால் பாரதி பூங்காவில் மண்டபம் நிற்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதியில் தோண்டப்பட்ட சில ஆழ்கிணறுகளில் இறைக்காமலே நீர் மேலெழுந்து வழிந்தது. நிலத்தடியில் இரு களிமண் அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீர், துளை கிடைத்தவுடன் தானே பொங்கும் இயல்புடையது. அத்தகைய கிணறுகள் அன்று புவியியலாளர்களின் கவனத்தை ஈர்த்தன. இன்று அந்த அழுத்தம் போய்விட்டது. ஆற்று வண்டல், அதன் கீழ்க் கடலூர் மணற்கல், அதற்கும் கீழ் வானூர் மணற்கல் என அடுக்கடுக்காக உள்ள நீர்த்தாங்கிகளிலிருந்து, அதாவது நீரைத் தேக்கியும் கசியவிட்டும் வைத்திருக்கும் பாறை, மணல் அடுக்குகளிலிருந்து, சக்திவாய்ந்த மோட்டார்கள் கொண்டு நீர் எடுக்க வேண்டியிருக்கிறது.

கடலோர நகரத்தில் இப்படி எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. இருவகை நீரின் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கிபென், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தையொட்டித் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன் அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிச் சொன்னால், நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது, காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் மேலேறிவிடும். நகரின் பல பகுதிகளில் குழாய்நீர் உவர்ப்பாக மாறியதற்கும், கேன் தண்ணீர் வாங்குவது வீட்டுச் செலவில் நிலையான ஒன்றாகிவிட்டதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

ஆக, வெள்ளம் வரும்போது ஒரு கணக்கும் குடிநீர் குறையும்போது இன்னொரு கணக்கும் எழுதப்படுகின்றன. எழுதுவோரும் வேறு, எழுதும் ஏடும் வேறு. மழைநீர் விரைந்து கடலுக்குப் போனால் முதல் ஏட்டில் அது வெற்றி. அதே நீர் நிலத்துக்குள் இறங்காமல் போனது இரண்டாம் ஏட்டில் இழப்பாகப் பதிவாவதே இல்லை. நீர்த்துறைகளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி உலகெங்கும் பேசப்படும் இக்காலத்தில், புதுச்சேரி போன்ற ஊருக்கு அதனால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய நன்மை இந்த இரண்டு ஏடுகளையும் ஒரே கணக்காகப் படிக்கும் வசதிதான் என்பது இந்த அத்தியாயத்தின் கருத்து. அந்த வசதி எப்படிக் கிடைக்கும், எங்கே தடைப்படும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் நீர் மேலாண்மைக்குப் பயன்படுவது பெரும்பாலும் இயந்திரக் கற்றல் என்னும் பகுதி. விதிகளை மனிதர் எழுதித் தருவதற்கு மாறாக, பழைய பதிவுகளைப் படித்து, எது நிகழ்ந்தபோது எது விளைந்தது என்னும் தொடர்பைக் கணினியே வகுத்துக்கொள்ளும் முறை அது. இதற்கு முந்தைய முறையும் கணினி முறைதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971இல் வெளியிட்ட மழைநீர் மேலாண்மை மாதிரி என்னும் மென்பொருள், நீரோட்டத்தின் இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்த்து, ஒரு மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணிக்கிறது. இன்றுவரை உலகின் பல நகரங்கள் அதையே பயன்படுத்துகின்றன. அதற்குத் தேவைப்படுவன ஒவ்வொரு வடிகாலின் அகலம், ஆழம், சாய்வு, அதில் படிந்துள்ள வண்டல், ஒவ்வொரு மனையிலும் எவ்வளவு பங்கு சிமெண்ட் தளம், எவ்வளவு பங்கு மண் என்பன போன்ற விவரங்கள். வடிகால் கட்டிய காலத்து வரைபடம் ஒன்றாகவும் இன்று தரையில் இருப்பது வேறாகவும் உள்ள ஊர்களில் இந்த விவரங்களைத் திரட்டுவதே பெரும்பாடாகி, சமன்பாடுகள் சரியாக இருந்தும் விடை தவறாகிவிடுகிறது.

இயந்திரக் கற்றல் இந்த விவரங்கள் எல்லாவற்றையும் கேட்பதில்லை. பெய்த மழையின் பதிவும் ஏறிய நீர்மட்டத்தின் பதிவும் நீண்ட காலத்துக்கு இருந்தால் இரண்டையும் இணைத்துக் கற்றுக்கொள்கிறது. இப்பணிக்கு மிகவும் ஏற்றதாக விளங்குவது, ஹொக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட, நீண்ட குறுநினைவு என்று பெயர் கொண்ட நரம்பியல் வலையமைப்பு. நரம்பியல் வலையமைப்பு என்பது எளிய கணக்குகளைச் செய்யும் பல்லாயிரம் அலகுகளை அடுக்கடுக்காகப் பின்னிய கட்டமைப்பு. அதன் இந்த வகையில் ஒவ்வோர் அலகும் சென்ற நாட்களின் சுவடு ஒன்றைத் தன்னுள் வைத்திருந்து, புதிய செய்தி வரும்போது எதை மறப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கிறது. நீரியலுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் தெளிவானது. புரட்டாசியில் காய்ந்து கிடக்கும் மண் பத்து செ.மீ. மழையை விழுங்கிவிடும், பத்து நாள் மழையில் ஊறிய கார்த்திகை மண்ணோ அதே மழையை அப்படியே வாய்க்காலுக்கு அனுப்பிவிடும். இன்று பெய்யும் மழையின் விளைவு நேற்றும் போன வாரமும் பெய்த மழையைச் சார்ந்திருப்பதால், நினைவுள்ள வலையமைப்பு நினைவில்லாததைவிடச் சிறப்பாகக் கணிக்கிறது.

இந்தியாவில் இதற்கு நடைமுறை உதாரணம் இருக்கிறது. மத்திய நீர் ஆணையமும் கூகுள் நிறுவனமும் 2018இல் உடன்பாடு செய்துகொண்டு, முதலில் பாட்னா நகரப் பகுதியில் வெள்ள முன்னறிவிப்பைத் தொடங்கின. பின்னர் அது நாட்டின் மற்ற ஆற்றுப் படுகைகளுக்கும் விரிந்தது. நீர்மட்டம் அளக்கும் நிலையங்களே இல்லாத ஆறுகளிலும் இத்தகைய வலையமைப்பு பயனுள்ள முன்னறிவிப்புத் தர முடியும் என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் நேச்சர் இதழில் எழுதினர். ஆனால் கங்கையின் வெள்ளம் நாள்கணக்கில் நகர்ந்து வருவது; புதுச்சேரித் தெருவின் வெள்ளமோ மணிக்கணக்கில், சில வேளைகளில் நிமிடக் கணக்கில் எழுவது. பெரிய ஆற்றுக்கான கருவியை அப்படியே பெயர்த்து வந்து சிறு வாய்க்காலில் பொருத்த முடியாது.

சிறு வாய்க்காலுக்கு என்ன வேண்டும்? முதலாவது, அடுத்த ஓரிரு மணி நேரத்தில் எங்கே மழை விழும் என்னும் அறிவு. சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள வானிலைத் துறையின் டாப்ளர் ராடார்களுக்கு இடைப்பட்ட கடற்கரையில் புதுச்சேரி அமைந்திருப்பது இவ்வகையில் நல்வாய்ப்பு. அடுத்தடுத்த ராடார் படங்களைப் பார்த்து வரப்போகும் படத்தை உருவாக்கக் கற்ற வலையமைப்பு ஒன்றை டீப்மைண்ட் நிறுவனம் பிரிட்டிஷ் வானிலைத் துறையோடு சேர்ந்து உருவாக்கி 2021இல் வெளியிட்டது. தொண்ணூறு நிமிடங்களுக்குள்ளான முன்கணிப்பில் அனுபவமுள்ள வானிலையாளர்களே பெரும்பாலும் அதை மற்ற முறைகளைவிட மேலானதாக மதிப்பிட்டனர். இரண்டாவது, கடலின் நிலை. ஓதம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதைக் கணிக்க நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. நிலவு, சூரியன் ஆகியவற்றின் இயக்கத்தைக் கொண்டு அதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணக்கிட முடியும். புயல்காற்று கடலைக் கரைநோக்கித் தள்ளி உயர்த்தும் அளவை மட்டும் தனியே சேர்க்க வேண்டும். மூன்றாவது, வாய்க்கால்களின் பல இடங்களில் நீர்மட்டத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து அனுப்பும் உணரிகள். இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பாலங்களின் அடியில் பொருத்தும் சிறு மீயொலிக் கருவி, தன்னிடமிருந்து சென்ற ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைச் சொல்லிவிடும் என்பதால் செலவும் பெரிதல்ல. நான்கைந்து பருவமழைக் காலங்களாவது இடைவிடாமல் அளந்த பதிவு இல்லையெனில், எவ்வளவு சிறந்த வலையமைப்பும் கற்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஆய்வுலகம் ஒரு நல்ல விடை கண்டிருக்கிறது. இயற்பியல் மாதிரியை முடிந்தவரை கவனமாக அமைத்து, அதில் ஆயிரக்கணக்கான கற்பனை மழைகளை, மெல்லிய தூறல் முதல் ஊழிமழை வரை, ஓதத்தின் வெவ்வேறு நிலைகளோடு இணைத்து ஓடவிட்டு, கிடைக்கும் விடைகளை எல்லாம் வலையமைப்புக்குப் பாடமாகத் தருவதே அது. இப்படிப் பயின்ற மாற்று மாதிரி, மூல மாதிரி பல மணி நேரம் எடுத்துச் செய்யும் கணக்குக்குச் சில நொடிகளில் ஏறத்தாழ அதே விடையைத் தருகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே, இந்த மதகைத் திறந்தால் என்ன ஆகும், அந்த இறைப்பு மோட்டாரை ஒரு மணி நேரம் முன்னதாக ஓட்டினால் எந்தத் தெரு தப்பும் என்று நூறு வழிகளைச் சோதித்துப் பார்க்க இந்த வேகம் இடம் கொடுக்கிறது. உண்மையான அளவுப் பதிவுகள் சேரச்சேர மாதிரி திருத்தப்பட்டு மெல்ல மெல்ல ஊரோடு ஒத்துப்போகும்.

வேகத்தைவிடவும் இம்முறைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பதிவுகளை மட்டும் நம்பிக் கற்ற வலையமைப்பு, தான் பார்த்திராத பெருமழையின் முன் தடுமாறும் தன்மை கொண்டது. இருபது செ.மீ. வரையிலான மழைகளை மட்டுமே கண்டு வளர்ந்த ஒன்றிடம் 48 செ.மீ. மழையைக் கொடுத்தால், தான் அறிந்த உச்சத்தை ஒட்டிய விடையையே அது தரக்கூடும். நீண்ட குறுநினைவு அலகின் கணித அமைப்பிலேயே வெளியீட்டுக்கு ஒரு மேல்வரம்பு இருப்பதை நீரியலாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மிகவும் தேவைப்படும் நாளில் கருவி மிகக் குறைவாகச் சொல்வது ஆபத்தானது. புதுச்சேரியின் வரலாறு இத்தகைய நாட்களை அறியாததல்ல: 1761 சனவரி முதல் நாளில் வீசிய புயல், நகரை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பற்படையைச் சிதறடித்து அதன் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது, 2011 திசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிப் பேரழிவு செய்தது. கருவி கொண்டு அளந்த காலம் குறுகியது. நிகழக்கூடியவற்றின் வீச்சு அதைவிட மிகப் பெரியது. எனவே இயற்பியலின் துணையின்றிப் பதிவை மட்டும் நம்பும் கணிப்பை எந்தக் கடலோர நகராட்சியும் ஏற்கலாகாது.

கணிப்பு செயலாக மாறிய இடங்களில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரம் பலரும் எடுத்துக்காட்டும் ஒன்று. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்புள்ள அந்த நகரில், மழைக்காலத்தில் குழாய் நிரம்பிக் கழிவுநீர் ஆற்றில் வழிவது வழக்கமாயிருந்தது. 2008 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளைக் குழாய்களில் பொருத்தி, எந்தக் குழாயில் இடம் இருக்கிறது என்பதை அறிந்து, வால்வுகளைத் தாமாகவே திறந்து மூடும் கட்டுப்பாட்டு முறையை நகரம் கொண்டுவந்தபின், வழியும் கழிவுநீர் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இருந்த குழாய்களுக்குள் பயன்படாமல் கிடந்த இடத்தைக் கண்டறிந்ததன் பலன் இது. புதுச்சேரியின் அமைப்பு வேறு. இங்கு மழைநீர் திறந்த வாய்க்காலிலும் கழிவுநீர் பாதாளச் சாக்கடையிலும் தனித்தனியே ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் பல வீடுகளின் கழிவுநீர் வாய்க்காலுக்குள் விழுகிறது; மழைநாளில் மழைநீர் சாக்கடைக்குள் புகுகிறது. எந்த இறைப்பு நிலையத்தின் வட்டாரத்தில் மழைநீர் சாக்கடைக்குள் புகுகிறது என்பதை, மழை பெய்த சில மணிக்குள் சாக்கடை இறைப்பு நிலையங்களுக்கு வரும் நீர் எவ்வளவு கூடுகிறது என்ற ஒரே பதிவைக் கொண்டு கணினி பிரித்துக் காட்டிவிடும். அதற்குப் புதிய உணரிகூடத் தேவையில்லை, மோட்டார்கள் ஓடிய நேரமும் இழுத்த மின்சாரமும் போதும்.

குடிநீர்க் குழாய்களின் கதை இதைவிடச் சிக்கலானது. குழாய்க்கசிவைக் கண்டறியும் மரபான முறை, ஊர் உறங்கும் இரவு இரண்டு மணி முதல் நான்கு மணிக்குள் ஒரு பகுதிக்குள் பாயும் நீரை அளப்பது. அப்போது யாரும் நீர் பிடிப்பதில்லை ஆகையால் பாய்வது பெரும்பாலும் கசிவாகவே இருக்கும். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டு வாரியமும் அங்குள்ள ஆய்வு நிறுவனங்களும் 2008 முதல் உருவாக்கிய முறை இன்னும் நுட்பமானது: குழாய் உடையும் கணத்தில் அழுத்த அலை ஒன்று நீருக்குள் ஓடும் என்பதால், விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தத்தை அளக்கும் உணரிகளைப் பல இடங்களில் வைத்து, அலை ஒவ்வொன்றையும் எட்டிய நேர வேறுபாட்டைக் கொண்டு உடைப்பின் இடத்தைக் கணிக்கின்றனர். இந்த இரண்டு முறைகளுக்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு. குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு நீர் நிற்க வேண்டும்.

புதுச்சேரி உள்ளிட்ட பெரும்பாலான இந்திய நகரங்களில் நீர் வேளை வைத்து விடப்படுகிறது. காலையில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வால்வு திறந்ததும் வெறுங்குழாய் முதலில் நிரம்ப வேண்டும். அதேநேரம் ஒவ்வொரு வீட்டிலும் சம்ப் என்னும் தரைக்கீழ்த் தொட்டி நிரம்பத் தொடங்கும். சில வீடுகளில் குழாயிலேயே மோட்டார் வைத்து இழுப்பார்கள். தொட்டிக்கு அருகிலுள்ள தெரு நிறையப் பெற்றுக்கொள்ள, கடைக்கோடித் தெரு காத்திருக்கும். விநியோகம் நின்றபின் குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, விரிசல் உள்ள இடங்களில் சுற்றியுள்ள மண்ணின் நீரை, பக்கத்தில் சாக்கடை இருந்தால் அந்தக் கழிவையும் சேர்த்து, உறிஞ்சிக்கொள்கிறது. கோயம்புத்தூர் மாநகராட்சி 2018இல் தொடங்கிய இருபத்துநான்கு மணி நேரக் குடிநீர்த் திட்டம் போன்றவற்றின் முதன்மையான நியாயம் வசதி அன்று, இந்த உறிஞ்சலைத் தடுப்பதுதான். அந்த நிலையை எட்டும்வரை, வேளை வைத்து விடும் முறைக்கென்றே தனிக் கணிப்பு மாதிரிகள் வேண்டும்: வால்வு திறந்து எத்தனை நிமிடத்தில் எந்தத் தெருமுனையில் அழுத்தம் எழுகிறது என்னும் அன்றாடக் கோட்டைக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் அது வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்தால் கசிவு அல்லது அடைப்பு என்றும், எஞ்சிய குளோரின் வழக்கத்தைவிடக் குறைந்தால் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்றும் எச்சரிக்கும் மாதிரிகள். மேலைநாட்டு மென்பொருள்கள் இதைப் பெரிதும் கருதவில்லை. இந்திய ஆய்வாளர்கள் தங்கள் உழைப்பைச் செலுத்தத்தக்க, உயிர்காக்கும் பணி இது.

உயிர் என்னும்போது 2024 சூன் 11ஆம் நாளை மறக்க இயலாது. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறைக் குழாய் வழியே வீடுகளுக்குள் ஏறிய நச்சுவாயுவால் ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பேர் இறந்தனர். கழிவுநீர் ஓட்டமின்றித் தேங்கும் இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்தபின், அதிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. உப்புநீர் கலந்த கடலோரக் கழிவுநீரில் சல்பேட் அதிகமென்பதால் இந்த ஆபத்தும் அதிகம். அழுகிய முட்டை நாற்றத்தால் எச்சரிக்கும் இவ்வாயு, செறிவு பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டதென்று மனிதர் எண்ணும் தருணமே மிகக் கொடியது. எந்தக் குழாய்ப் பகுதியில் ஓட்டம் மெலிந்து தேக்கம் நிலவுகிறது, எங்கே வெப்பமும் உப்பும் கூடியுள்ளன என்பவற்றைக் கொண்டு வாயு எழக்கூடிய இடங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்துவது இன்றைய கணினி முறைகளுக்கு எட்டாத செயலன்று. வாயு உணரிகளை எல்லா மேன்ஹோல்களிலும் வைக்க இயலாவிடினும், வரிசையின் தலையில் உள்ள இடங்களில் வைக்கலாம். குடிநீரும் சாக்கடையும் மழைநீரும் சேர்ந்த இந்தத் துறையில், செலவுக்கணக்குப் பார்க்காமல் முதலில் செய்யப்பட வேண்டியது இதுவே.

இயந்திரம் சரியாகச் சொன்னால் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரம் தெளிவான விடை தருகிறது. குடிநீரில் ஈயம் கலந்த பெருந்துயருக்குப் பின், எந்தெந்த வீட்டுக்கு ஈயக் குழாய் செல்கிறது என்ற பதிவு நகராட்சியிடம் ஒழுங்காக இல்லாததால், வீட்டின் வயது, மதிப்பு, இருக்குமிடம் முதலியவற்றைக் கொண்டு கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரியைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர். 2017இல் அதன் வழிகாட்டலில் தோண்டிப் பார்த்த வீடுகளில் பத்தில் ஏழுக்கு ஈயக்குழாய் அல்லது மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. ஆனால், சில வீடுகள் விடுபடுகின்றன, சில பகுதிகளுக்கு முன்னுரிமை கிடைக்கவில்லை என்ற மனக்குறை மக்களிடையே எழுந்தது. மறு ஆண்டு பொறுப்பேற்ற ஒப்பந்த நிறுவனம் மாதிரியைக் கைவிட்டுத் தெருத்தெருவாகத் தோண்டியபோது, ஆபத்தான குழாய் கிடைத்த விகிதம் 15 விழுக்காட்டுக்குச் சரிந்தது. பின்னர் மாதிரி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. கணிப்பு சரியாக இருந்தும் அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பதைக் குடிமக்களுக்கு விளக்கும் ஏற்பாடு இல்லாததால் நேர்ந்த இழப்பு அது. கிருஷ்ணா நகருக்கு முதலில் மோட்டார் போகிறதா, பாவாணர் நகருக்கா என்ற முடிவைக் கணினி பரிந்துரைக்கும் நாளில், அந்தப் பரிந்துரையின் காரணமும் தமிழில், வெளிப்படையாக, எவரும் கேட்டறியும் வகையில் இருக்க வேண்டும்.

இரண்டு ஏடுகளையும் இணைப்பது பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியின் எண்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் பெரியவை ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும். தென்பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டு சேர்க்கிறது. மதகு, கலிங்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பராமரித்து, யாருடைய வயலுக்கு எப்போது நீர் என்று முறை வகுத்த ஊர்ச் சபைகளும், பின்னர் பிரெஞ்சு ஆட்சியில் உருவான உழவர் சங்கங்களும், எப்போது ஏரியை நிரப்புவது, எப்போது வழியவிடுவது என்பதை அனுபவத்தால் தீர்மானித்தன. மழை வருமுன் ஏரியில் இடம் ஒதுக்கினால் வெள்ளம் தணியும். ஒதுக்கிய இடம் நிரம்பாமல் போனால் கோடையில் நிலத்தடி நீர் குறையும். இந்த இருதலைச் சிக்கலில் பத்து நாள் மழைக் கணிப்பும், ஏரிமட்டமும், கண்காணிப்புக் கிணறுகளின் மட்டமும், அவற்றின் உவர்ப்பும் ஒரே திரையில் வந்தால், எவ்வளவு திறப்பது என்ற முடிவு ஊகத்திலிருந்து கணக்குக்கு நகரும். நீர்மட்டத்தைத் தாமாகப் பதிந்து தொலைவுக்கு அனுப்பும் கருவிகள் தேசிய நீரியல் திட்டத்தின் கீழ் நாடெங்கும் கிணறுகளில் பொருத்தப்பட்டுள்ளதால், இதற்கான மூலப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்துவருகிறது. அதைப் போலவே, எந்த ஆழ்துளைக் கிணற்றில் எத்தனை மணி நேரம் இறைத்தால் உப்புநீர் மேலேறாது என்பதைக் கற்றுக்கொண்டு, கடலுக்கு அருகிலுள்ள கிணறுகளின் சுமையைத் தொலைவிலுள்ள கிணறுகளுக்கு மாற்றிப் பகிர்ந்தளிக்கும் நாள்திட்டத்தைக் கணினி வகுத்துத் தரலாம்.

இந்தக் கணக்கின் மிகப் பெரிய இடைவெளி நகரத்துக்குள் இல்லை. ஊசுட்டேரியே புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவானது. சங்கராபரணி ஆறு விழுப்புரம் மாவட்டத்தின் வீடூர் அணையைத் தாண்டித்தான் புதுச்சேரிக்குள் நுழைகிறது. தென்பெண்ணையோ திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையைக் கடந்து வருகிறது. ஃபெஞ்சலுக்குப் பின், 2024 திசம்பர் 2இல் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டபோது, கடலூரும் பாகூரும் ஒரே வெள்ளத்தைச் சந்தித்தன. நிலத்தடி நீருக்கு ஊட்டமளிக்கும் வானூர்ப் பகுதியின் பெரும்பங்கும் மாநில எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆகவே புதுச்சேரிக்கென்று உருவாக்கப்படும் எந்த மாதிரிக்கும் தேவைப்படும் முதல் உள்ளீடுகளில் ஒன்று, வீடூர், சாத்தனூர் அணைகளின் மட்டமும் மதகு திறப்பும், திறப்பதற்கு முன்பே, மணிதோறும், இயந்திரம் படிக்கும் வடிவில் வந்து சேர்வது. இரு அரசுகளின் நீர்வளத்துறைகளும் ஓர் உடன்படிக்கையால் இதைச் செய்துவிட முடியும். அதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இப்போதே சந்தையில் இருக்கின்றன.